சிறையிலிருந்து சங்கத் தலைமைக்கு

1557 மே 31 அன்று கர்தினால் ஜொவான்னி மொரோனே கைது செய்யப்பட்டு, உரோமை நகரில் டைபர் ஆற்றங்கரையிலுள்ள சாந்தாஞ்சலோ கோட்டையில் அடைக்கப்பட்டார். ஆணையிட்டவர் திருத்தந்தை நான்காம் பவுல். குற்றச்சாட்டு, சமயத் திரிபு. ஆறே ஆண்டுகளில் அதே மொரோனே, கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாடுகளை வரையறுத்த திரெந்து பொதுச்சங்கத்துக்குத் தலைமை தாங்கி, அதை முடித்தும் வைத்தார்.

மொரோனே 1509-இல் மிலானில் பிறந்தார். தந்தை ஜிரோலமோ, பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிரான சதியில் சிக்கிச் சிறைப்பட்டு, பின்னர் அப்பேரரசருக்கே பணிபுரிந்த அரசியல்வாதி. இருபது வயதில் மகனுக்கு மோடனா ஆயர் பதவி கிடைத்ததில் இறைப்பற்றைவிடத் தந்தையின் செல்வாக்குக்கே பங்கு அதிகம். ஆனால், 1536 முதல் ஜெர்மானிய நிலப்பகுதிகளில் திருத்தந்தையின் தூதராகப் பணியாற்றியது அவரை மாற்றியது. லூத்தரின் இயக்கம் ஆணைகளால் அடங்காது என்பதை அவர் அங்கே நேரில் உணர்ந்தார். 1542-இல் கர்தினாலானார்.

காஸ்பரோ கொந்தரீனி, இங்கிலாந்தின் ரெஜினால்டு போல், கவிஞர் விட்டோரியா கொலோன்னா ஆகியோர் அவருடைய நட்பு வட்டத்தினர். திருச்சபைக்குள் இருந்தபடியே சீர்திருத்தம் வேண்டியவர்கள் இவர்கள். மீட்பு இறையருளால் வருவதென வலியுறுத்தி 1543-இல் வெனிஸில் வெளியான சிறு நூலொன்றை மொரோனே தம் மறைமாவட்டத்தில் பரவச் செய்தார். அந்த நூல் பின்னாளில் தடைசெய்யப்பட்டது. அதைப் பரப்பியதும் அவர்மீதான குற்றப்பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டாண்டுகளுக்கு மேல் சிறைவாசம். சமய நெறியிலிருந்து வழுவியவர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அத்தேர்தல் செல்லாது என 1559 பிப்ரவரியில் நான்காம் பவுல் ஓர் ஆணையே பிறப்பித்தார். அது மொரோனேயை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவ்வாண்டு ஆகஸ்டில் நான்காம் பவுல் மறைந்ததும் உரோமை மக்கள் சமய விசாரணை மன்றக் கட்டடத்துக்குத் தீவைத்தனர். மொரோனே விடுவிக்கப்பட்டு, அடுத்த திருத்தந்தையின் தேர்தலில் வாக்களித்தார். தேர்வான நான்காம் பயஸ், 1560-இல் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தார்.

1563 மார்ச்சில் திரெந்து சங்கத்தின் தலைவர்களான கர்தினால்கள் கொன்சாகா, செரிபாண்டோ இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். சங்கம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஆயர்கள் தம் மறைமாவட்டத்திலேயே வசிப்பது இறைச்சட்டமா, திருச்சபைச் சட்டமா என்பதே தகராறு. பல மறைமாவட்டங்களின் வருவாயைப் பெற்றுக்கொண்டு உரோமையில் வாழ்ந்தவர்கள் ஏராளம். ஊரில் வசிக்காத நிலவுடைமையாளர் பற்றிப் பொருளியல் வகுப்பில் பேசுவதுண்டு. இதுவும் ஏறக்குறைய அதுதான். இறைச்சட்டம் என்றால் திருத்தந்தையாலும் விலக்கு அளிக்க முடியாது. அதனால்தான் உரோமை அஞ்சியது.

புதிய தலைவரான மொரோனே முதலில் இன்ஸ்புருக் சென்று பேரரசர் பெர்டினாண்டைச் சந்தித்தார். அவரது ஆதரவைப் பெற்ற பின், பிரெஞ்சுக் கர்தினால் லொரேனையும் தம் பக்கம் ஈர்த்தார். கோட்பாட்டுச் சிக்கலைத் தீர்க்காமலே வசிப்பதைக் கடமையாக்கும் ஆணை ஜூலையில் நிறைவேறியது. மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்க வேண்டும் என்ற ஆணையும் அதே அமர்வில் பிறந்தது. நம்மூர்க் குருமடங்களின் வேரும் அதில்தான் உள்ளது. டிசம்பர் 4 அன்று, 18 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சங்கம் நிறைவுற்றது. இறையியல் மேதைகள் கூடிய அவையைக் கரைசேர்த்தது ஒரு தூதரின் பேரத்திறன் என்பேன்.

ஆயினும் பழைய சந்தேகம் அவரை விடவில்லை. நான்காம் பயஸ் மறைந்தபின் நடந்த தேர்தலில் மொரோனே வலுவான வேட்பாளர். அவர்மீதான விசாரணையில் பங்கேற்ற மிக்கேலே கிஸ்லியேரி அவரைக் கடுமையாக எதிர்த்தார். 1566 ஜனவரியில் கிஸ்லியேரியே ஐந்தாம் பயஸ் ஆனார். மொரோனேயின் பழைய வட்டத்தைச் சேர்ந்த பியெத்ரோ கார்னெசெக்கி மறு ஆண்டே மரண தண்டனை பெற்றார்.

1575-இல் ஜெனோவாவில் பழைய பிரபுக்களுக்கும் புதிய பிரபுக்களுக்கும் மோதல் முற்றியது. பழையவர்கள் ஸ்பெயின் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கியாளர்கள். அதே செப்டம்பரில் இரண்டாம் பிலிப் மன்னர் கடன் செலுத்துவதை நிறுத்தியதால் அவர்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது. திருத்தந்தையின் பிரதிநிதியாகச் சென்ற மொரோனே, பேரரசு மற்றும் ஸ்பெயின் தூதர்களோடு சேர்ந்து, இரு தரப்பு வேறுபாட்டை நீக்கும் சட்டத்தை 1576-இல் உருவாக்கினார்.

1580 டிசம்பர் 1 அன்று, கர்தினால் குழுவின் முதல்வராக அவர் மறைந்தார். உரோமையில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நான்காம் பவுலின் கல்லறையும் அதே ஆலயத்தில்தான் உள்ளது.