பனி ஈரத்தில் விளைந்தவர்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையிலேயே, நிற்கும் கதிர்களுக்கு ஊடே உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவது தஞ்சை வயல்களின் வழக்கம். அறுவடை ஆட்களின் காலடியில் மிதிபட்டும் முளை தப்பிவிடும். பிறகு அதற்கு யாரும் நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியுமே அதற்கு ஆதாரம். கு. ப. ராஜகோபாலனின் நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்வை எண்ணும்போது அந்தப் பயிர்தான் கண்முன் நிற்கிறது.

1902-ல் கும்பகோணத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, கல்லூரிப் படிப்பின் பொருட்டுக் கும்பகோணத்துக்கே திரும்பியவர் அவர். அங்கே ந. பிச்சமூர்த்தியின் தோழமை வாய்த்தது. தாகூரின்பால் கொண்ட ஈடுபாடு வங்க மொழி வரை அவரை இழுத்துச் சென்றது. பின்னர் மேலூரில் தாலுகா அலுவலக உத்தியோகம்.

முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்தில் கண்களில் புரை படர்ந்தது. உத்தியோகம் போயிற்று. குடும்பத்தோடு ஊர் திரும்பினார். படிப்பும் எழுத்துமே உயிர்மூச்சாக இருந்தவருக்குக் காகிதமும் மையும் ஒன்றாகவே தெரிந்த காலம் அது. ஆயினும் கதை நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். வாயால் சொல்லி எழுதுவிப்பவனுக்கு அடித்துத் திருத்தும் சலுகை குறைவு; ஒரு சொல்லை வெளியிடுமுன் மனத்துக்குள்ளேயே எடைபோட்டாக வேண்டும். அவருடைய சொற்சிக்கனத்தில் அந்த இருளின் பயிற்சிக்கும் பங்கு உண்டு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

சிகிச்சையால் பார்வை மீண்டது. சென்னை சென்றார், மணிக்கொடியில் எழுதினார். அவரைச் சிறுகதைக்காரராக மட்டும் கருதும் கவிஞர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிச்சமூர்த்தியோடு சேர்ந்து யாப்பைக் கடந்த கவிதைக்கு வழி திறந்தவர் அவர். அதன் பொருட்டு வாதாடியவரும் கூட. இத்தனைக்கும் தம் நோயைப் பற்றி அவர் எழுத்தில் புலம்பல் இல்லை. கணவன் மனைவியரிடையே நிலவும் மௌனம், பெண் மனத்தின் சொல்லாத வேட்கை, இவையே அவர் பொருள். ஒரு தொகுதிக்குக் ‘கனகாம்பரம்’ என்று பெயர். மணமில்லாவிடினும் செடியில் பல நாள் வாடாத பூ அது.

துறையூரின் ‘கிராம ஊழியன்’ பத்திரிகையே அவருடைய கடைசிப் பணிக்களம். அங்கிருந்தபோதும் வறுமை விடவில்லை. கால்கள் மரத்துத் தசை அழுகும் நோய் அவரை வீழ்த்தியது. 1944 ஏப்ரல் 27-ஆம் நாள், கும்பகோணத்தில் மறைந்தார். சித்திரை மாதம், உளுந்தும் பிடுங்கி முடித்து வயல்கள் வெடித்துக் கிடக்கும் பருவம்.

உளுந்து விளைந்த மண்ணில் அடுத்த நடவு செழிக்கும் என்பது உழவர் கணக்கு. தி. ஜானகிராமன், எம். வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு ஆகியோர் அவரை அண்டி வளர்ந்தவர்கள். அண்ணனுக்காகப் பேனா பிடித்த தங்கையும் கதாசிரியரானார். அவர் எழுதி முடிக்காமல் விட்டுச் சென்ற நாவலின் பெயர் ‘வேரோட்டம்’.