கல்யாணம் ஆனவருக்கு ஒரு வரி, ஆகாதவருக்கு ஒரு வரி: சி.டி.தேஷ்முக் போட்ட கணக்கும் இன்றைய சம்பளப் பிடித்தமும்

கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர், மனைவி வங்கி ஊழியர். கந்தர்வக்கோட்டை மாதிரியான ஊர்களிலும் இப்போது இப்படி இரட்டைச் சம்பள வீடுகள் உண்டு. வருமான வரி இவர்களை ஒரே குடும்பமாகப் பார்க்கிறதா, தனித்தனி ஆளாகப் பார்க்கிறதா? பலருக்கும் இதில் குழப்பம்தான். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று பார்த்து வரி போட்ட காலமும் இந்தியாவில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக்.

யார் இந்த தேஷ்முக்?

சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக், 1896 ஜனவரி 14 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தின் ராய்கட் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியல் படித்தவர், 1918-ல் ஐ.சி.எஸ். தேர்வில் முதலிடம் பிடித்தார். 1943-ல் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர் ஆனார். 1950-ல் நிதியமைச்சர். இம்பீரியல் வங்கி 1955-ல் ஸ்டேட் வங்கியாக மாறியதும், 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனதும் அவர் காலத்தில்தான்.

முதல் மனைவி ரோசினா 1949-ல் காலமானார். 1953 ஜனவரியில் துர்காபாயை மணந்தார். ராஜமுந்திரியில் பிறந்த துர்காபாய், சென்னையில் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவர். ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கியவர். கல்யாணத்தின்போது திட்டக் குழு உறுப்பினர். ஆக, நிதியமைச்சர் வீடும் கணவன், மனைவி இருவரும் பொறுப்பில் இருந்த வீடுதான்.

1955-ல் என்ன மாறியது?

அதற்கு முன்பு, வருமானத்தில் முதல் 1,500 ரூபாய்க்கு யாருக்கும் வரி கிடையாது. 1955 பட்ஜெட்டில் தேஷ்முக் இதை இரண்டாகப் பிரித்தார். கல்யாணம் ஆனவருக்கு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000 ரூபாய். குடும்பச் சுமை உள்ளவர் கையில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சட்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அடுத்து நிதியமைச்சரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி காலத்தில் குழந்தைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். பிறகு அந்த வேறுபாடே கைவிடப்பட்டது.

இப்போது எப்படி?

இன்று கல்யாணம் ஆனதற்காகத் தனிச் சலுகை கிடையாது. கணவருக்கு ஒரு பான் எண், மனைவிக்கு ஒரு பான் எண், கணக்கும் தனித்தனி. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி, நிலைக்கழிவு 75,000 ரூபாயைச் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. இந்த வரம்பு இருவருக்கும் தனித்தனியாக உண்டு. அமெரிக்காவில் தம்பதி சேர்ந்தே கணக்குக் காட்டலாம். அங்கே இரண்டு சம்பளத்தையும் கூட்டும்போது மாதாமாதம் பிடித்த வரி போதாமல் போவதுண்டு. இந்தியாவில் அந்தச் சிக்கல் இல்லை. வேறு சிக்கல்கள் உண்டு.

எங்கே இடிக்கும்?

ஒருவர் அலுவலகத்துக்கு இன்னொருவர் கொடுத்த கணக்கு தெரியாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் பிள்ளையின் ஒரே பள்ளிக் கட்டண ரசீதை இரண்டு இடத்திலும் காட்டக் கூடாது. கூட்டு வீட்டுக் கடன் என்றால் அவரவர் பங்கை மட்டும் காட்ட வேண்டும்.

அடுத்தது வைப்புத்தொகை வட்டி. வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 20 அல்லது 30 சதவீத அடுக்கில் இருப்பவர் மீதியை ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். அதற்கு வட்டியும் சேரலாம். இந்த வருமானத்தை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். கணவர் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டு வைத்தாலும், அந்த வட்டி கணவர் கணக்கில்தான் சேரும்.

கடைசிக் காலம்

பம்பாய் நகரை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காததை எதிர்த்து 1956-ல் தேஷ்முக் பதவி விலகினார். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர், டெல்லி பல்கலைக்கழகத் துணைவேந்தர். துர்காபாய் 1981-லும், அவர் 1982 அக்டோபர் 2 அன்றும் மறைந்தார்கள். அவர் போட்ட வேறுபாடு இன்று சட்டத்தில் இல்லை. குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்து வரிக் கணக்குப் போடும் வேலை இப்போது அந்தந்த வீட்டுக்காரர்களுடையது. ஏப்ரலில் இருவரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.