அச்சணந்தி அடிகள்

பாண்டிய நாட்டுக் குன்றுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் செல்வோர், அவற்றின் கீழே அச்சணந்தி என்னும் பெயரைப் பல இடங்களில் காண்பர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துகளில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அம்முனிவரின் வாழ்க்கையைக் கூறும் தனி நூல் ஏதும் இல்லை. கல்லில் நின்ற பெயர்களே அவர்தம் வரலாறு.

அச்ச என்பது ஆரிய என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவின் வழி வந்தது. நந்தி என்னும் ஈறு சமண முனிவர்தம் துறவுப் பெயர்களில் பயில்வது. எனவே ஆரியநந்தி என்பதே தமிழில் அச்சணந்தி ஆயிற்று. சீவகனுக்குக் கல்வி கற்பித்த ஆசானாகச் சிந்தாமணி கூறுபவரும் இப்பெயரினரே. ஆயினும், பெயர் ஒன்றாதல் பற்றி இருவரையும் ஒருவரெனக் கொள்ளுதல் கூடாது. எழுத்தின் காலம், இடம், உடன் வரும் பெயர்கள் ஆகியன பொருந்தினாலன்றி ஆள் இன்னார் எனத் துணிதல் இயலாது.

மதுரையை அடுத்த ஆனைமலை, அழகர்மலை, சமணர்மலை முதலிய இடங்களிலும், தெற்கே சிதறால் திருச்சாரணத்து மலையிலும் அச்சணந்தியின் பெயர் உள்ளது. வடக்கே வள்ளிமலையில், பாலசந்திரரின் மாணாக்கராக ஓர் அச்சணந்தி குறிக்கப்பெறுகிறார். துறவியர்க்கு ஆசிரியர் பெயரே குலப்பெயர். சமணர்மலைக் கல்வெட்டொன்றும் குணசேனதேவர், அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள் என மூன்று தலைமுறைகளைத் தொடுத்துரைக்கிறது. பேரன் பாட்டனார் பெயரைத் தாங்குவதுபோல, மூன்றாமவர் முதலாமவரின் பெயரைத் தாங்கியிருக்கிறார்.

துறந்தார்க்குச் சுற்றம் இல்லை. எனினும் அதே சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், வரிசையாய் அமைந்த திருவுருவங்களுள் ஒன்றன் கீழ், அதனைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என எழுதப்பட்டுள்ளது. தந்தையின் பெயரோ, பிறந்த ஊரோ அங்கு இல்லை. அவ்வொரு வரியால்தான் அம்முனிவர் ஒரு தாய்க்கு மகனாகவும் அறியப்படுகிறார். மகன் துறவு பூண்ட பின்னும் அவ்வுறவை மறைக்காது, தன் அறச்செயலோடு சேர்த்துக் கல்லில் நிறுத்தினார் அவ்வன்னை.

அச்சணந்தி தம் புகழை எங்கும் எழுதுவித்தாரல்லர். திருமேனி செய்வித்தவர் என்ற அளவே அவர் பெயர் நிற்கிறது. அவ்வெழுத்துகள் சிதையின் அவர் வாழ்வும் குணமதியாரின் பெயரும் உடன் மறையும். அக்குன்றுகளுக்குச் செல்லும் குடும்பத்தார் பாறையில் தம் பெயரைக் கீறாது காத்து, அங்குள்ள பெயர்களைத் தம் மக்களுக்குப் படித்துக் காட்டுதலே அத்தாய்க்கும் மகனுக்கும் செய்யும் வழிபாடாகும்.