அரசியலமைப்புச் சட்டமும் தந்தை செல்வாவும்



யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே உயர்ந்து நிற்கும் தந்தை செல்வா நினைவுத்தூணை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அவரை அரசியல் தலைவராக அறிந்த நீங்கள், அவர் சிறந்த சட்டத்தரணி என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். சட்டம் படிக்க விரும்புவோருக்கு அவருடைய வாழ்க்கையே ஒரு முதற்பாடம்.

இளமையும் கல்வியும்

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தார். சிறுவயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்தார். யூனியன் கல்லூரி, யாழ். பரி. யோவான் கல்லூரி, பரி. தோமஸ் கல்லூரி ஆகியவற்றிற் கற்று விஞ்ஞானப் பட்டதாரியானார். கொழும்பில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் சட்டத்தரணியானார். குடியியல் வழக்குகளில் பெரும் புகழ் பெற்றார். 1947 இல் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார்.

29 ஆம் பிரிவு

அரசியலமைப்பு அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதேவேளை அந்த அதிகாரத்துக்கு எல்லையும் இடுகிறது. சோல்பரி அரசியலமைப்பில் அந்த எல்லையாக இருந்தது 29 ஆம் பிரிவு. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது, இயற்றினால் அது செல்லாது என அப்பிரிவு கூறியது.

ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். செல்வநாயகம் அதனை எதிர்த்தார். பின்னர் இவ்விடயம் நீதிமன்றம் சென்றபோது, 1953 இல் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வை இழந்த அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடர்ந்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1969 இல் கோமறைக் கழகம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று மட்டும் கூறியது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கவில்லை.

சமஷ்டியும் ஒப்பந்தங்களும்

ஒற்றையாட்சியில் மத்திய பாராளுமன்றமே உயர்ந்தது. சமஷ்டியிலோ மத்திக்கும் பிராந்தியங்களுக்கும் இடையே அதிகாரத்தை அரசியலமைப்பே பங்கிடுகிறது. இச்சமஷ்டியை வேண்டியே செல்வநாயகம் 1949 டிசெம்பர் 18 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1957 இல் பண்டாரநாயக்காவுடனும் 1965 இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்தார். அவற்றிற் கூறப்பட்ட பிராந்திய சபைகளும் மாவட்ட சபைகளும் அமைக்கப்படவில்லை. காரணம் என்ன? தலைவர்களின் கையொப்பம் சட்டமாகாது. பாராளுமன்றம் சட்டமாக்கினாலே அது நாட்டைக் கட்டுப்படுத்தும்.

1972 உம் அதன் பின்னரும்

சோல்பரி அரசியலமைப்பைத் திருத்தாமல், அரசியல் நிர்ணய சபை மூலம் 1972 மே 22 இல் புதிய குடியரசு அரசியலமைப்பு கொண்டுவரப்பட்டது. ஒற்றையாட்சி அதில் எழுதப்பட்டது. 29 ஆம் பிரிவு மறைந்தது. செல்வநாயகம் தம் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பை அறிய இடைத்தேர்தலைக் கோரினார். இரண்டாண்டுகளுக்கு மேலான தாமதத்தின் பின் 1975 பெப்ரவரியில் அது நடைபெற்றது. அவர் 16,000 இற்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். 1977 ஏப்ரில் 26 இற் காலமானார். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது அவர் உயிருடன் இல்லை.

மாணவர்களே, பாதுகாப்பு வாசகம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் காக்கும் நீதிமன்றமும், மதிக்கும் பாராளுமன்றமும், கேள்வி கேட்கும் குடிமக்களும் வேண்டும். நாளைய சட்டத்தரணிகளாகிய நீங்கள் இதனை மறவாதீர்கள்.

மீட்டற் பயிற்சி
1. 29 ஆம் பிரிவு பாராளுமன்றத்துக்கு விதித்த தடை யாது?
2. ஒற்றையாட்சிக்கும் சமஷ்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. கோடீஸ்வரன் வழக்கில் தீர்மானிக்கப்படாது விடப்பட்ட வினா யாது?