கான் சாகிப்பைக் கட்டிய தலைப்பாகை

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை லோக்கலுக்காக நிற்கும்போது யூடியூபில் மருதநாயகம் ட்ரெய்லரை ஒரு தடவையாவது பார்க்காத ஆள் நம்ம காலேஜில் குறைவு. 1997 அக்டோபரில் எலிசபெத் ராணியே சென்னைக்கு வந்து தொடக்க விழாவில் உட்கார்ந்திருந்தார். நாம யாரும் அப்போ பிறக்கவே இல்லை. படம் இன்னும் வரவில்லை.

நான் அந்த ட்ரெய்லரை விட்டுட்டு அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. மூணு வருஷமா என்கூட ஒரே பெட்டியில் வந்த ஒரு ஃப்ரெண்ட், நாங்கள் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்டை அவன் பேரை மட்டும் போட்டு ஒரு போட்டிக்கு அனுப்பிட்டான். அந்த வாரம் முழுக்க எனக்குத் துரோகக் கதை எது கிடைச்சாலும் படிக்கணும் போல இருந்தது. அப்படித்தான் கான் சாகிப்பிடம் வந்து சேர்ந்தேன்.

மருதநாயகம் சுமார் 1725-இல் ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடிப்போனார், இஸ்லாத்தைத் தழுவினார், முகமது யூசுப் கான் ஆனார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கேதான் மார்ச்சந்த் என்ற பிரெஞ்சுக்காரனோடு நட்பு ஏற்பட்டது என்று சொல்வார்கள். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவான்.

1752 வாக்கில் யூசுப் கான் தன் ஆட்களோடு ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். அது கர்நாடக நவாப் பதவிக்கு நடந்த சண்டை. முகமது அலி பக்கம் ஆங்கிலேயக் கம்பெனி, சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். திருச்சிராப்பள்ளி மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய பிரச்சினை பீரங்கி இல்லை, சோறு. தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கமிருந்து அரிசியையும் மாடுகளையும் எதிரி கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையில்தான் யூசுப் கான் பேர் வாங்கினார். எந்தப் பாதை, எந்த நேரம், எதிரியின் குதிரைப்படை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நம்ம பாஷையில் சொன்னால், சப்ளை செயின் ஆள். 1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் எல்லோருக்கும் அவரைத் தலைவராக்கினார்கள்.

அதே வருஷம்தான் துரோகம் முதல் தடவையாக அவர் பக்கத்தில் வந்தது, அதுவும் தலைகீழாக. மேஜர் லாரன்ஸின் துபாஷி பொன்னியப்பன், யூசுப் கான் திருச்சியை மைசூர்க்காரர்களிடம் விற்கப் போகிறார் என்று காட்டுவதற்காக ஒரு பொய்க் கடிதத்தை ஆங்கிலேயர் கையில் கிடைக்கும்படி செய்தான். யூசுப் கானைக் காவலில் வைத்தார்கள். ஆனால் அவசரப்படாமல் விசாரித்தார்கள். விசாரணையில் மைசூரோடு உண்மையிலேயே தொடர்பு வைத்திருந்தது பொன்னியப்பன்தான் என்று தெரிந்தது. அவனை பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கம்பெனி தன்னை நம்பும் என்ற எண்ணம் யூசுப் கானுக்கு அன்றைக்கு உறுதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்து அந்த எண்ணம்தான் அவரைக் கவிழ்த்தது.

அடுத்து 1758 டிசம்பர். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். நாம சென்ட்ரலில் இறங்கி நடந்தால் போய்ச் சேர்கிற அதே ஜார்ஜ் கோட்டைதான். யூசுப் கான் கோட்டைக்கு உள்ளே இல்லை. செங்கல்பட்டில் இருந்த கேப்டன் பிரெஸ்டனோடு சேர்ந்து, பரங்கிமலை வரைக்கும் சுற்றித் திரிந்து, பிரெஞ்சுக்காரர்களுக்கு வந்த சரக்கு வண்டிகளை மறித்துக்கொண்டே இருந்தார். திருச்சியில் சோறு கொண்டுவந்தவர் இங்கே சோற்றை நிறுத்தினார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் நடந்த பெரிய சண்டையிலும் அவர் நின்றார். அடுத்த வாரம் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் லாலி கிளம்பிப் போனார். இந்த பிரெஸ்டனையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு எடுத்து அவர் ஆள ஆரம்பித்தார். இந்த இடத்தில் அவரை வெறும் ஹீரோவாக எழுத எனக்கு மனசு வரவில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்றபோது, அவர் கோட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து 1761-இல் அந்தப் போரை முடித்து வைத்தது யூசுப் கான்தான். நெல்லைப் பக்கத்து ஃப்ரெண்ட்ஸிடம் கேட்டால் இவரை வேறு மாதிரி சொல்வார்கள். அது நியாயமும்கூட. இன்னொரு பக்கம், மதுரைக்காரர்களுக்கு அவர் நல்ல நிர்வாகி. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய வருமானத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். ஏரி, கால்வாய்களைச் சரி செய்தார். திருட்டு குறைந்தது, வரி ஒழுங்காக வந்தது.

ஒழுங்காக வந்ததுதான் சிக்கல். நவாப் முகமது அலிக்கு யூசுப் கான் வளர்வது பிடிக்கவில்லை. குத்தகைப் பணம் தன் வழியாகத்தான் போக வேண்டும், யூசுப் கான் தன் வேலைக்காரன் என்பதை ஊரறிய ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். முகமது அலியை அந்தப் பதவியில் உட்கார வைக்கச் சண்டை போட்டவர்களில் ஒருவர் யூசுப் கான். கம்பெனிக்கோ நவாபிடம் பெரிய கடன் பாக்கி இருந்தது. நவாபை நோகடித்தால் அது திரும்ப வராது. பத்து வருஷ உழைப்பையும் வர வேண்டிய பாக்கியையும் தராசில் வைத்தார்கள், பாக்கி கனமாக இருந்தது. யார் முதலில் துரோகம் செய்தார்கள் என்று கேட்டால் நான் மார்ச்சந்தைச் சொல்ல மாட்டேன், சென்னைக் கோட்டையைத்தான் சொல்வேன்.

1763-இல் யூசுப் கான் அடங்க மறுத்தார். படை சேர்த்தார், மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தினார், பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். பழைய நண்பன் மார்ச்சந்த் பிரெஞ்சு வீரர்களோடு வந்து சேர்ந்தான். ஆனால் அதே 1763 பிப்ரவரியில் பாரிஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் சமாதானம் செய்து, முகமது அலிதான் சட்டப்படி நவாப் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். மதுரையில் பறந்த கொடிக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கவில்லை.

மான்சன் என்ற கர்னல் தலைமையில் அந்த வருஷம் கம்பெனிப் படை வந்தது, கோட்டையை உடைக்க முடியாமல் மழைக்காலத்தில் பின்வாங்கியது. 1764-இல் மேஜர் கேம்ப்பெல் தலைமையில் திரும்ப வந்தது. இரண்டு தடவையும் அந்தப் படையில் இருந்த ஒரு அதிகாரி பிரெஸ்டன். ஆமாம், செங்கல்பட்டு பிரெஸ்டன். இப்போது மேஜர். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரே பக்கம் நின்று லாலியைத் தூங்கவிடாமல் செய்த இரண்டு பேர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். 1764 ஜூன் 26 அன்று கோட்டைச் சுவரை உடைத்து ஏற முயன்றார்கள். யூசுப் கானின் ஆட்கள் விரட்டி அடித்தார்கள். அந்தச் சண்டையில் பட்ட காயத்தில் பிரெஸ்டன் இறந்துபோனார். இதை நான் துரோகம் என்று நினைக்கவில்லை. ஆனால் எனக்கு இந்த வாழ்க்கையில் அதிகம் வலித்த இடம் இதுதான்.

சுவரை உடைக்க முடியாது என்று தெரிந்ததும் கேம்ப்பெல் யூசுப் கானின் பழைய வித்தையையே எடுத்தார். சுற்றி வளைத்து எல்லாப் பாதையையும் அடைத்தார். ஒரு மூட்டை அரிசிகூட உள்ளே போகவில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். உள்ளே பட்டினி. கிடைத்த மிருகங்களை எல்லாம் தின்றார்கள். ஆட்கள் இரவில் சுவர் தாண்டி ஓட ஆரம்பித்தார்கள். சரணடைவது பற்றிய பேச்சும் ஒத்து வரவில்லை. அவருக்கு மனைவி இருந்தார், ஒரு சின்னப் பையனும் இருந்தான்.

இந்த நேரத்தில்தான் உள்ளே ரகசியப் பேச்சு நடந்தது. மார்ச்சந்த், திவான் சீனிவாச ராவ், இன்னும் சிலர். கடைசி நாட்களில் வாக்குவாதம் முற்றி யூசுப் கான் மார்ச்சந்தைக் குதிரைச் சாட்டையால் அடித்தார் என்று ஒரு செய்தி உண்டு. நான் படிக்கும்போது இந்த இடத்தில் நின்றுவிட்டேன். மார்ச்சந்த் எந்த நிமிஷத்தில் முடிவு செய்திருப்பான்? அடி விழுந்தபோதா? அதற்கு முன்னால் பசியிலேயா? என் ஃப்ரெண்டை நான் லேபில் எல்லோர் முன்னாடியும் ஒருமுறை மட்டமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அவன் செய்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதுவரை எனக்கு அந்த நாள் ஞாபகத்துக்கே வரவில்லை.

1764 அக்டோபர் நடுவில், யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது அவர்கள் உள்ளே வந்தார்கள். கையில் வாளோ துப்பாக்கியோ இல்லாத ஒரே நேரம் அதுதான் என்பது கூடவே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டிப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு தளபதிகளால் முடியாததை ஒரு துணி முடித்தது. மார்ச்சந்த் அவரை ஒப்படைத்துவிட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டான்.

அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் நவாபின் உத்தரவுப்படி அவரைத் தூக்கில் போட்டார்கள். கம்பெனி தன் பழைய சிப்பாய்த் தலைவனை நவாபிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. விசாரணை எதுவும் கிடையாது. பொன்னியப்பன் காலத்தில் காட்டிய பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. இரண்டு தடவை கயிறு அறுந்தது, மூன்றாவது தடவைதான் உயிர் போனது என்று ஊர்க்கதை. இறந்த பிறகும் பயம் போகாமல் உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும் தலை திருச்சிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால் பெரியகுளத்துக்கும் போனது என்றும் சொல்வார்கள்.

மிச்ச உடல் சம்மட்டிபுரத்திலேயே இருக்கிறது. 1808-இல் அதன் மேல் ஒரு சின்னப் பள்ளிவாசல் கட்டினார்கள். போன செமஸ்டரில் சிம்போசியத்துக்காக மதுரை போனபோது ஆட்டோக்காரரிடம் கான் சாகிப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, கான்சா மேட்டுத் தெரு வேணும்னா தெரியும், அங்க இறக்கி விடவா என்று கேட்டார். கான் சாகிப்தான் அந்தக் கான்சா என்று சொன்னேன். அவர் அதை நம்பின மாதிரி தெரியவில்லை. இறக்கிவிட்டு மீட்டருக்கு மேலே இருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.