கச்சிகுடா பள்ளி வாத்தியார் இந்திய அணிக்கு கோச் ஆனது எப்படி? யார் இந்த சையது அப்துல் ரஹீம்?

திருவண்ணாமலை செங்கம் ரோடு, ரமணாசிரமம் பகுதி. அங்கே ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் தினமும் சாயங்காலம் விசில் ஊதும் ஒரு பி.டி. மாஸ்டரை கற்பனை செய்து பாருங்கள். ஆசிரமத்துக்கே பேர் தந்த ரமணர்கூட மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது கால்பந்து ஆடியவர்தான். அதனால் அந்த ஊருக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்க முடியாது.

சரி, அந்த மாஸ்டர் நாளைக்கு ஒரு பெரிய கல்லூரி அணிக்கோ, சென்னையில் ஒரு பெரிய கிளப்புக்கோ பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? முதல் கேள்வியே எந்த பெரிய டீமுக்கு ஆடினீங்க என்பதாகத்தான் இருக்கும். அவர் கையில் வளர்ந்த பசங்க எப்படி ஆடுறாங்கன்னு மைதானத்துக்கு வந்து பார்ப்பவர்கள் ரொம்ப குறைவு.

1950ல் இந்திய கால்பந்துக்கும் இதே கேள்வி வந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். இந்தியா ஆசிய விளையாட்டு கால்பந்தில் இதுவரை வாங்கிய 2 தங்கமும் அவர் காலத்தில் வந்தவைதான். ஒலிம்பிக்கில் 4வது இடம் பிடித்ததும் அவரால்தான். 2024ல் அஜய் தேவ்கன் நடிப்பில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வெளியான 'மைதான்' இந்திப் படம் இவருடைய கதைதான்.

அப்போ கால்பந்துன்னா கொல்கத்தா

ரஹீமின் கதை புரிய, அந்தக் கால நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். 1911ல் மோகன் பகான் அணி பிரிட்டிஷ் ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றதிலிருந்தே இந்திய கால்பந்தின் தலைநகரம் கொல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பெரிய கிளப்புகள் எல்லாம் அங்கே. பணம், கூட்டம், பத்திரிகை வெளிச்சம் எல்லாமே அங்கேதான்.

ஹைதராபாத்திலும் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் நாட்டின் கண் அந்தப் பக்கம் அதிகம் திரும்பியதில்லை.

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர் சையது அப்துல் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தார். கச்சிகுடா நடுநிலைப் பள்ளி உள்பட ஹைதராபாத்தின் சில பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு உடற்கல்வியும் படித்து, பள்ளி விளையாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

உள்ளூரில் கால்பந்து ஆடியிருக்கிறார். ஆனால் நாடே கொண்டாடிய நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், ரெஸ்யூமேவில் பளிச்சென்று எழுத பெரிதாக ஒன்றும் கிடையாது.

1940களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். அடுத்து ஹைதராபாத் நகர போலீஸ் அணியின் கோச். இங்கிருந்துதான் கதை வேகம் எடுக்கிறது.

மைதானத்தில் அப்படி என்ன செய்தார்?

அன்றைய ஆட்டம் பெரும்பாலும் தனி ஆள் திறமையை நம்பியது. பந்து கிடைத்தால் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டி ஓட வேண்டும். கூட்டமும் அதைத்தான் ரசித்தது. ரஹீம் இந்தப் பழக்கத்தில்தான் கை வைத்தார்.

பந்து வந்தவுடன் ஒன்றிரண்டு தொடுதலில் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்று பழக்கினார். டிரிப்ளிங்கே செய்யக்கூடாது என்ற விதியோடு ஆட்டம் வைத்தார். வலது கால் ஆட்டக்காரர் இடது காலிலும், இடது கால் ஆட்டக்காரர் வலது காலிலும் மட்டுமே அடிக்கிற மாதிரி போட்டிகளே நடத்தினார். வராத கால் வர வேண்டும், அதுதான் நோக்கம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பையனுக்கு வாத்தியார் அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பார் இல்லையா? கிட்டத்தட்ட அதே வழி. பின்னாளில் 4-2-4 என்ற ஆட்ட அமைப்பை இந்தியாவில் பழக்கிய முன்னோடிகளில் ஒருவராகவும் ரஹீம் பேசப்படுகிறார்.

சைக்கிள் வாடகைக்கு காசு இல்லாத பையன்

செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற கிராமம். அங்கே ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். அவன் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத்தில் நடக்கும் தேர்வுக்கு வரச் சொன்னார். தினமும் அவ்வளவு தூரம் வர சைக்கிள் வாடகைக்குக்கூட வீட்டில் காசு கிடையாது. அந்தச் செலவை ரஹீமே ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பலராம்தான் பிறகு 2 ஒலிம்பிக் ஆடினார். பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவர் கூட்டணி இந்திய கால்பந்தின் பொற்காலத்துக்கே அடையாளம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தன்னை யாரும் பேரை வைத்து எடை போடக்கூடாது என்ற நிலையில் இருந்த ஒருவர், அடுத்தவரையும் ஊர் பேர் பார்த்து எடை போடவில்லை.

1950: எதைப் பார்த்து எடுத்தார்கள்?

ஹைதராபாத் போலீஸ் அணி 1950ல் மும்பையின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதே சீசனில் டெல்லியில் துராண்ட் கோப்பை இறுதிப்போட்டியில் மோகன் பகானையே வீழ்த்தியது. சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னால் கிடைத்த வெற்றிகள் இல்லை இவை. வெளியூர் போய், பெரிய அணிகளை நேருக்கு நேர் சந்தித்து வாங்கியவை.

இந்தச் சமயத்தில்தான் தேசிய அணியின் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. அந்த முடிவு சரிதான் என்பதை அடுத்தடுத்த வருடங்கள் காட்டின. ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை அள்ளியது அந்த போலீஸ் அணி. ஒரு கோப்பை அதிர்ஷ்டத்தில் வரலாம், 5 வருடம் தொடர்ந்து அதிர்ஷ்டம் வராது.

1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதிப்போட்டியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் சாஹு மேவாலால், கேப்டன் சைலேன் மன்னா. இருவருமே கொல்கத்தா கால்பந்தின் நட்சத்திரங்கள். பெரிய இடத்து ஆட்டக்காரர்களையும் இந்த வாத்தியாரால் கையாள முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

10-1 என்ற அடி

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால், அதுதான் இல்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்ற கணக்கில் நொறுக்கியது. குளிர் தேசம், எதிரே பூட்ஸ் போட்ட ஐரோப்பிய அணி. நம்மவர்களில் பலர் வெறும் காலில் ஆடினார்கள்.

சின்ன இடத்திலிருந்து வந்த கோச்சுக்கு இப்படி ஒரு தோல்வி வந்தால் பொதுவாக என்ன நடக்கும்? அப்பவே சொன்னோமே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. தோல்விக்குப் பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸை கட்டாயமாக்கியது. அடுத்த ஒலிம்பிக்குக்கும் ரஹீமிடமே அணியை ஒப்படைத்தது.

பலன் 1956 மெல்போர்னில் தெரிந்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என இந்தியா வென்றது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியா. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவிடமும், வெண்கலப் போட்டியில் பல்கேரியாவிடமும் தோற்று 4வது இடம்.

1960 ரோமில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் பிரான்ஸுடன் 1-1 என டிரா, வலுவான ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோல்வி. 8 வருடத்துக்கு முன் 10 கோல் வாங்கிய அணியா இது என்று பார்த்தவர்கள் யோசித்திருப்பார்கள்.

ஜகார்த்தா 1962: கடைசிப் பாடம்

ரஹீமின் திறமை முழுசாகத் தெரிந்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில்தான். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு தலையில் பலத்த காயம்.

காயம்பட்ட தலையோடு தடுப்பு வரிசையில் உயரப் பந்துகளை முட்டி நிற்க முடியாது. உட்கார வைத்துவிடலாமா? ரஹீம் வேறு மாதிரி யோசித்தார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைலை கோல் அடிக்கும் இடத்துக்கு, அதாவது முன்களத்துக்கு மாற்றினார்.

அடுத்த முடிவு கோல்கீப்பர் விஷயத்தில். காய்ச்சலால் சில ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்தவர். இடையில் பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். ஆனாலும் இறுதிப்போட்டிக்கு உயரமான தங்கராஜை ரஹீம் இறக்கினார்.

செப்டம்பர் 4, இறுதிப்போட்டி. எதிரணி அதே தென்கொரியா. மைதானத்தில் சுமார் 1 லட்சம் பேர், பெரும்பாலானோர் இந்தியாவுக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி எதிர்த்ததால் வந்த கோபம் அது. அந்தக் கூச்சலுக்கு நடுவே முதல் 20 நிமிடத்துக்குள் 2 கோல். ஒன்று பி.கே.பானர்ஜி, இன்னொன்று முன்களத்துக்கு மாற்றப்பட்ட அதே ஜர்னைல் சிங். கடைசிக் கட்டத்தில் கொரியா ஒன்று திருப்பி அடித்தாலும் 2-1 என தங்கம் இந்தியாவுக்கே.

அதன் பிறகு என்ன ஆச்சு?

ஜகார்த்தா வெற்றிக்கு 9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று புற்றுநோயால் ரஹீம் இறந்தார். வயது 53. அவர் மகன் எஸ்.எஸ்.ஹக்கீமும் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றவர், பின்னாளில் பயிற்சியாளராகவும் நடுவராகவும் இருந்தார்.

1962க்குப் பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியாவுக்கு தங்கம் இல்லை. 1970ல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு தகுதி பெறவும் இல்லை. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியதே 1985ல்தான். அதனால் அது ரஹீமை எட்டவே இல்லை.

அப்போ ஒரு கோச்சை எதை வைத்து எடை போடுவது?

இது இந்தியாவில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இத்தாலியின் அரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே கிடையாது. இரண்டாம் பிரிவில் ஆடிய பார்மா அணியின் கோச்சாக இருந்து, கோப்பைப் போட்டியில் ஏ.சி.மிலானைத் தோற்கடித்தார். தோற்ற மிலானே 1987ல் அவரை வேலைக்கு எடுத்தது. 1989, 1990 என அடுத்தடுத்து 2 ஐரோப்பியக் கோப்பைகள் வந்தன. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள், சின்ன கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்களைத் தேடி எடுப்பதும் இதே கணக்கில்தான்.

ரஹீம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

* கையில் கிடைத்த ஆட்டக்காரர்களை எவ்வளவு உயர்த்தினார்? காசு கொடுத்து நட்சத்திரங்களை வாங்கி ஜெயிப்பது வேறு, அம்முகுடா பையனை ஒலிம்பிக் வரை கொண்டுபோவது வேறு.

* வெற்றி ஒரு தடவையா, தொடர்ச்சியா? வெளியூரிலும், தன்னைவிடப் பெரிய அணிகளோடும் அது நின்றதா?

* பெரிய தோல்விக்குப் பிறகு என்ன மாற்றினார்? சின்ன இடத்து வெற்றி பெரிய மேடையில் அப்படியே வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஹெல்சிங்கி அதைக் காட்டியது. மாறத் தெரிந்தவரா என்பதை மெல்போர்ன் காட்டியது.

* திட்டம் உடைந்தால் இருப்பவர்களை வைத்து சமாளிக்கத் தெரியுமா? ஜர்னைல் சிங் விஷயமே போதும்.

இதில் வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ரஹீமை 1950ல் எடுத்தது பாதி வேலைதான். 10 கோல் வாங்கிய பிறகும் 1956ல் அவரை மறுபடி நம்பியதுதான் மீதி.

மறுபடி செங்கம் ரோடுக்கு வருவோம். அந்த பி.டி. மாஸ்டரின் விண்ணப்பத்தில் பெரிய கிளப் பேர் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் மைதானத்துப் பசங்களுக்கு வராத கால் இப்போது வருகிறதா என்று ஒரு சாயங்காலம் நேரில் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.