குண்டும் குழியுமான ரோடு... ஆனாலும் நேரம் தவறாத பஸ்! டி.வி.சுந்தரம் ஐயங்கார் சாதித்தது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நல்லாவே தெரியும். மழை விட்ட பிறகு தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கும்போது அடியில் இருந்து 'டொக்'குனு ஒரு சத்தம் வரும். இறங்கிப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமா சாய்ந்து நிற்கும். கமான் பட்டை போயிருக்கும்!

இதே தென் மாவட்டத்தில், இதைவிட மோசமான ரோட்டில், 100 வருஷத்துக்கு முன்னாடியே ஒருவர் பஸ் விட்டார். அதையும் நேரம் தவறாமல் விட்டார். அவர்தான் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார். யார் இவர்? மோசமான ரோட்டை எப்படி சமாளித்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

கரிசல் பூமியில் ரோடு ஏன் நிற்பதில்லை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பெரும்பகுதி கரிசல் மண். இந்த மண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் வயலில் பாளம் பாளமாக வெடிப்பு விடுகிற அதே மண்தான் ரோட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அடிமண் அசையும்போது மேலே போட்ட தார் விரிசல் விடும். அந்த விரிசலில் மழைத் தண்ணீர் இறங்கும். அதன்மேல் லாரிகள் ஓட ஓட பள்ளம் விழுந்துவிடும்.

தார் ரோடு பரவலாக வராத காலத்தில் நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் மண் ரோட்டை அறுத்து வண்டித்தடமாக மாற்றியிருந்தன. அந்தத் தடத்தில்தான் மோட்டார் வண்டியும் ஓட வேண்டும்.

வக்கீல், ரயில்வே, வங்கி... கடைசியில் பஸ்!

1877-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை செய்தார். அதன்பின் வங்கி வேலைக்குப் போனார். மூன்றுமே அந்தக் காலத்தில் மரியாதையான, நிலையான பிழைப்பு. அதை விட்டுவிட்டு 30 வயதைத் தாண்டிய நிலையில், யாருக்கும் பெரிதாக அனுபவம் இல்லாத மோட்டார் தொழிலில் இறங்கினார்.

1912-ல் மதுரையில் அவரது பஸ் சர்வீஸ் தொடங்கியது. தென்னிந்திய மோட்டார் போக்குவரத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று அவரைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பஸ் லேட் ஆனால் என்ன ஆகும்?

இன்றைக்கு ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் இருக்கு. அன்றைக்கு அப்படி இல்லை. 1910-ல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருந்தன. ஆனால் அந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில்! ஒரு மனு கொடுக்கணும் என்றாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதை வந்ததே 1960-களில்தான்.

அதாவது, ரயில் எட்டாத வறண்ட ஊர்களுக்கு ரோடு மட்டுமே வழி. நடுவழியில் கமான் உடைந்து பஸ் நின்றால், பயணிகளுக்கு அந்த நாளே போச்சு. உதவிக்கு ஆள் அனுப்பி, பாகம் வந்து, மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் டி.வி.எஸ். பஸ் தனித்து நின்றது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தில் மணியைச் சரிசெய்து கொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வது இன்றும் உண்டு.

லாட ஆணிக்கு காந்த வைத்தியம்

அந்தக் காலத்தில் பஸ்களுக்குப் பெரிய எதிரி லாட ஆணி. மாட்டின் காலில் அடித்த லாடத்தில் இருந்து ஆணி கழன்று ரோட்டில் கிடக்கும். அது பஸ் டயரில் ஏறினால் பஞ்சர்.

பஞ்சர் ஆனால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிடவில்லை. ரோட்டில் கிடக்கும் ஆணிகளை இழுத்து எடுக்க காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வண்டி கெட்டால் வண்டியைப் பார்ப்பது எல்லோரும் செய்வது. வண்டியைக் கெடுப்பது எது என்று ரோட்டில் போய்த் தேடியதுதான் அவருடைய பாணி.

பெட்ரோல் இல்லை... பஸ் நின்றதா?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது அடுப்புக்கரியில் இருந்து வரும் வாயுவை வைத்து இன்ஜினை ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியைத் தயாரித்தார். 1942-ல் மலேயா ஜப்பான் வசமானதும் ரப்பர் வரத்து குறைந்தது. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டி ஓடவைக்கும் ரீட்ரெடிங் தொழிலிலும் இறங்கினார்.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று நிறுவனங்கள் பெருகின. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் சுந்தரம் மோட்டார்ஸ் பெரிய பெயர் எடுத்தது. வண்டி ஓட்டுவது, விற்பது, பழுது பார்ப்பது, பாகம் கொடுப்பது என எல்லாம் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தது.

வீட்டிலும் அவர் கடந்து வந்தது லேசான பாதை இல்லை. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைகளை வீட்டுக்குள் முடக்கிய காலம் அது. ஆனால் சௌந்தரம் டெல்லியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவரும் இவர்தான்.

1955 ஏப்ரல் 28-ல் சுந்தரம் ஐயங்கார் காலமானார். அப்போது 'சதர்ன் ரோட்வேஸ்' என்ற பெயரில் அவரது பஸ்களும் லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன. 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆக, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன பாடம்?

அம்பாசிடர், பத்மினி இரண்டுக்குமே பின்பக்கம் கமான் பட்டைதான். ஆரம்ப கால பஸ்களைத் தாங்கியதும் இதே தத்துவம்தான். பள்ளத்தில் அடி வாங்கினால் உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். அது ஏன் உடைந்தது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

✦ பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சு நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். யூ போல்ட் தளர்வதுதான் பல நேரம் இதற்குத் தொடக்கம்.

✦ உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. சூட்டில் எஃகின் முறுக்கு போய்விடும். அடுத்த பள்ளத்தில் அதன் பக்கத்திலேயே உடையும்.

✦ ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்று போட்டால் வண்டி சாயும். இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்கிறதா என்று சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும்.

✦ ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர், முன்பக்க ஸ்டீயரிங் மூட்டுகள், ரிம் வளைவு எல்லாவற்றையும் அதே நாளில் பாருங்கள். கடைசியாக வீல் அலைன்மென்ட்.

✦ புது பட்டை மாட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

சுந்தரம் ஐயங்கார் காலத்து ரோடு இன்று இல்லை. மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகவே போகிறது. ஆனால் அதில் இருந்து கிராமத்து ரோட்டுக்குத் திரும்பினால் அடியில் இருப்பது அதே கரிசல் மண்தான். அங்கே வண்டி நின்றால் பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். வண்டி கிளம்பும் முன்பே குறையைத் தேடிப் பார்ப்பது 1912-ல் போலவே இன்றைக்கும் வேண்டிய பழக்கம்தான்.